வளைந்த முதுகுக்கு உடற்பயிற்சி: வலி தொடங்கும் நிமிடத்தைத் தள்ளிப்போடுவது எப்படி?

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்தவர்களிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டால் பலர் "இப்போது இல்லை" என்றுதான் சொல்வார்கள். "எப்போது வலிக்கும்?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். அடுப்பு முன்னால் 20 நிமிடம் நின்றால் வரும். சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை ரயிலில் நின்றுகொண்டே போனால் வரும். இரண்டு பாடவேளை எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் வரும். காலையில் எழும்போது லேசாக இருக்கும் முதுகு, மாலையில் கனத்துப் போய்விடும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பயிற்சி எதற்கு என்பதும் புரிந்துவிடும். வளைந்த முதுகில் அன்றாடம் வரும் அசௌகரியத்துக்குப் பெரும்பாலும் காரணம், தசைகள் களைத்துப்போவதுதான். அந்தக் களைப்பு வரும் நிமிடத்தைத் தள்ளிப்போடுவதுதான் பயிற்சியின் வேலை. 20-ஆவது நிமிடத்தில் வருவது 40-ஆவது நிமிடத்தில் வந்தால் அது பெரிய வெற்றி. எலும்பை நேராக்குவது வேறு விஷயம்; அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொண்டு ஏமாறுபவர்கள் அதிகம்.

முதலில், வளைவு என்பது எது

நம் பேச்சில் முதுகில் எது கோணலாக இருந்தாலும் கூன் என்றுவிடுகிறோம். கூன் என்பது முன்பக்கமாக வளைவது. நாம் இங்கே பேசுவது பக்கவாட்டில் வளைவதைப் பற்றி. மருத்துவர்கள் இதை ஸ்கோலியோசிஸ் என்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் முதுகுத்தண்டு நேர்கோடாக இல்லாமல், ஆங்கில சி எழுத்தைப் போலவோ எஸ் எழுத்தைப் போலவோ இருக்கும். இப்படிப்பட்ட பிள்ளையைக் 'கூனி' என்று கேலி செய்வது கொடுமை மட்டுமல்ல, தவறான பெயரும்கூட.

பக்கவாட்டில் வளையும்போது தண்டு கூடவே முறுக்கிக்கொள்ளும். விலா எலும்புகள் அதோடு இணைந்திருப்பதால் அவையும் திரும்பி, ஒரு பக்கம் பின்னால் புடைக்கும், மறுபக்கம் குழியும். நிமிர்ந்து நிற்கும்போது இது தெரியாமல் போகலாம். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்து இடுப்பிலிருந்து முன்னால் குனியச் சொன்னால் பளிச்சென்று தெரியும். 1865-இல் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த சோதனை இது. இன்றைக்கும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு வரும் சுகாதாரக் குழுவினர் பிள்ளைகளைக் குனியச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான். இங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 13, 14 வயதுப் பெண்பிள்ளைகளில் 100-க்கு 2 பேருக்குச் சற்று மேல் இந்த வளைவு இருந்தது. ஆண்பிள்ளைகளிடம் இதைவிடக் குறைவு.

வீட்டிலும் சில அடையாளங்கள் கண்ணில் படும். குளித்துவிட்டு வரும் பெண்ணின் ஒற்றைச் சடை முதுகின் நடுவில் விழாமல் ஒரு தோளை நோக்கிச் சாய்ந்தே கிடக்கும். பள்ளிச் சீருடைப் பாவாடையின் விளிம்பு ஒரு பக்கம் ஏறியிருக்கும். தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால், எத்தனை முறை பிரித்துத் தைத்தாலும் ஒரு தோள் மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும். பரதநாட்டிய ஆசிரியர் "வலது தோளை இறக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தப் பெண் இறக்காமல் இருப்பது கவனக்குறைவால் அல்ல.

எக்ஸ்ரே எடுத்தால் ஒரு கோணம் எழுதித் தருவார்கள். வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புகளுக்கு இடையிலான கோணம் அது. 1948-இல் ஜான் காப் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கிய முறை என்பதால் காப் கோணம் என்று பெயர். 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே 5 பாகை வரை வித்தியாசம் வரும். ஆகவே போன வருடம் 22, இந்த வருடம் 24 என்றால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காரணம்? 10 பேரில் 8 பேருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கூடுதல். பள்ளிப்பையின் கனமோ, சோபாவில் சாய்ந்து படுப்பதோ இந்த வளைவை உண்டாக்குவதில்லை. கனமான பை முதுகை நோகச் செய்யும், அவ்வளவுதான். "நான்தான் சின்ன வயதிலேயே கவனிக்காமல் விட்டுவிட்டேன்" என்று அழும் அம்மாக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: நீங்கள் எதுவும் தவறு செய்யவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருப்பதாலோ, தசை பிடித்துக்கொண்டதாலோ முதுகு தற்காலிகமாகச் சாய்ந்து நிற்கலாம். அப்படிப்பட்ட வளைவு உட்கார்ந்தால் அல்லது குனிந்தால் மறைந்துவிடும். அதற்குச் செருப்பின் உயரத்தைச் சரிசெய்வது போன்ற வேறு வைத்தியம். கீழே சொல்லும் பயிற்சிகள் அதற்காக எழுதப்பட்டவை அல்ல.

ஏன் நோகிறது

ஒரு கையில் 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நின்று பாருங்கள். உடம்பு சாய்ந்துவிடாமல் இருக்க எதிர்ப்பக்கத்து இடுப்புத் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் நோகும். வளைந்த முதுகுக்காரர் வெறுங்கையோடு நிற்கும்போதும் அந்தப் பை இருக்கிறது. புடைத்த பக்கத்துத் தசைகள் நீண்ட நிலையிலேயே ஓயாமல் உழைக்கின்றன. குழிந்த பக்கத்துத் தசைகள் சுருங்கிய நிலையிலேயே இறுகிக் கிடக்கின்றன. இரண்டுமே களைக்கும், ஆனால் களைக்கும் விதம் வேறு.

இதனால்தான் நீட்டிமுறிக்கும் பயிற்சிகளை மட்டும் செய்பவர்களுக்கு அரைமணி நேரச் சுகம் கிடைத்து, பிறகு பழையபடி நோகத் தொடங்குகிறது. இறுகிய பக்கத்தைத் தளர்த்தியாயிற்று. உழைக்கும் பக்கத்துக்குத் தெம்பு ஏற்றவில்லை. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவதும் இதே கணக்குத்தான். சுகமாக இருக்கும், செய்துகொள்ளலாம். ஆனால் பிடித்துவிடுபவர் "எலும்பைத் தட்டி நேராக்கிவிடுகிறேன்" என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பயிற்சியால் முடிவதும் முடியாததும்

வளரும் பிள்ளைக்கும் வளர்ந்து முடித்தவருக்கும் கணக்கு வேறு. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், வளைவு ஏறத்தாழ 25 பாகையிலிருந்து 45 பாகைக்குள் இருந்தால் மருத்துவர் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி அணியும் கெட்டியான தாங்கு கவசம், பரிந்துரைப்பார். வளைவு கூடாமல் தடுக்க அதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2013-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், பிரேஸை நாளுக்கு அதிக மணிநேரம் போட்டவர்களுக்கே பலன் அதிகம் கிடைத்தது. பயிற்சி செய்கிறோமே என்று பிரேஸைக் கழற்றி வைப்பது பெரிய தவறு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். உள்ளே தையல் இல்லாத பருத்திப் பனியனை இழுத்துவிட்டுப் போடுங்கள். சுருக்கம் விழுந்த இடத்தில்தான் தோல் உரியும். வியர்த்தவுடன் பனியனை மாற்றுங்கள். கழற்றியிருக்கும் நேரத்தைக் குளியலுக்கும் பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவுக்கென்றே வடிவமைத்த பயிற்சி முறைகள் உண்டு. அவற்றில் பேர்பெற்றது ஷ்ரோத் முறை. கத்தரீனா ஷ்ரோத் என்ற ஜெர்மானியப் பெண்மணிக்கே முதுகு வளைந்திருந்தது. குழிந்த பக்கத்துக்குள் மூச்சை இழுத்து அதை விரிப்பது என்று தன் உடம்பிலேயே செய்து பார்த்து, 1921-இல் மைசன் நகரில் மற்றவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அந்த முறையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஒவ்வொருவரின் வளைவுக்கும் ஏற்ப, படுக்கும் நிலை, கை கால் வைக்கும் விதம் எல்லாம் மாறும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கை வைத்துச் சரிசெய்துதான் கற்றுத்தர வேண்டும்.

வளர்ந்து முடித்தவர்களுக்கு, 30 பாகைக்குக் குறைந்த வளைவு அதற்கு மேல் கூடுவது அரிது. நெஞ்சுப் பகுதியில் 50 பாகையைத் தாண்டிய வளைவு வயதான பிறகும் வருடத்துக்கு ஒரு பாகை போலக் கூடக்கூடும். அப்படிப்பட்டவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இத்தாலியில் வளைவு உள்ள பெரியவர்களை 20 வாரம் பயிற்சி செய்ய வைத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் வலியும் முடக்கமும் நன்றாகவே குறைந்தன. நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

உங்கள் பக்கம் எது?

தொடங்குமுன் ஒரு வேலை. புடைத்த பக்கம் வலதா இடதா, நெஞ்சுப் பகுதியிலா இடுப்புப் பகுதியிலா, வளைவு ஒன்றா இரண்டா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையில் தொராசிக் என்றிருந்தால் நெஞ்சுப் பகுதி, லம்பார் என்றிருந்தால் இடுப்புப் பகுதி. அடுத்த சந்திப்பில் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரே ஒரு உதவி கேளுங்கள்: முதுகில் பேனாவால் வளைவை வரைந்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தப் படம் பத்துப் பக்க அறிக்கையைவிடப் பயன்படும். இன்னும் யாரிடமும் காட்டவில்லை என்றால், பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரைப் பார்ப்பதே செலவு குறைந்த வழி.

பயிற்சிகள்

மெத்தையில் செய்யாதீர்கள். மெத்தை அமுங்கும்போது வளைவும் கூடவே அமுங்கும், எந்தத் தசை வேலை செய்கிறது என்றே தெரியாது. நம் வீட்டுத் தரைகள் ஓடு பதித்தவை. யோகா விரிப்பு ஒன்றும், முழங்காலுக்கு அடியில் வைக்க மடித்த துண்டு ஒன்றும் போதும்.

*நெடுநெடுவென உட்காருதல்.* எல்லாவற்றுக்கும் அடிப்படை இது. கைப்பிடி இல்லாத நாற்காலியில், சுவரில் சாயாமல், சுவருக்குப் பக்கவாட்டாக உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படியட்டும். சாதாரணமாக உட்கார்ந்தபடியே உச்சந்தலை மட்டத்தில் சுவரில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள். இப்போது உச்சந்தலையை யாரோ மேலே இழுப்பதுபோல நினைத்துக்கொண்டு அந்த ஸ்டிக்கரைத் தாண்டப் பாருங்கள். அரை விரல் உயர்ந்தாலே போதும். அந்த நிலையிலேயே மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை விடுங்கள். 5 மூச்சு, பிறகு தளர்வு. இப்படி 4 முறை. பலரும் இதில் முகவாயைத் தூக்கிவிடுவார்கள், அல்லது நெஞ்சை முன்னால் தள்ளுவார்கள். இரண்டிலும் உயரம் கூடாது, இடுப்புதான் பின்னால் மடங்கும். முகவாய் சற்றே உள்ளே இருக்கட்டும். மூச்சை அடக்கினால் தசை இறுகும், நீளாது.

*நாலு கால் நிலையில் கையும் காலும் நீட்டுதல்.* மேசை போல முழங்காலும் கையும் ஊன்றுங்கள். தோளுக்கு நேர் கீழே மணிக்கட்டு, இடுப்புக்கு நேர் கீழே முழங்கால். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி 8 முதல் 10 வினாடி நிறுத்துங்கள். இறக்கி, மீண்டும். ஒவ்வொரு பக்கமும் முதலில் 6 முறை, கொஞ்சம் ஓய்வு, பிறகு 4 முறை, பிறகு 2 முறை. இப்படிக் குறைத்துக்கொண்டே போவதற்குக் காரணம் உண்டு: களைத்த பிறகு இழுத்துப் பிடித்தால் வேறு தசைகள் புகுந்து வேலையைத் திருடிவிடும்.

இந்தப் பயிற்சியில் உங்களை நீங்களே ஏமாற்றாமல் இருக்க ஒரு வழி. இடுப்புக்குப் பின்னால், பின்பக்கம் தொடங்கும் இடத்தில் தட்டையான எலும்பு ஒன்று கைக்குத் தட்டுப்படும். அதன்மேல் ஒரு ரப்பர் செருப்பைக் குறுக்காக வைக்கச் சொல்லுங்கள். காலைத் தூக்கும்போது செருப்பு ஒரு பக்கமாகச் சரிந்தால் இடுப்பு திரும்புகிறது என்று பொருள். வளைந்த முதுகில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியாது. உதாரணமாக, இடது காலைத் தூக்கும்போது அசையாமல் இருக்கும். வலது காலைத் தூக்கினால் சட்டென்று விழும். விழும் பக்கத்தில் காலைத் தூக்காதீர்கள், கட்டைவிரல் தரையில் உரசியபடி பின்னால் தள்ளினால் போதும். செருப்பு விழாமல் 10 வினாடி நின்ற பிறகே காலைத் தூக்குங்கள். காலை எவ்வளவு உயர்த்தினோம் என்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

*பக்கவாட்டுத் தாங்கல்.* பிளாங்க் என்றால் எல்லாருக்கும் தெரியும்; இது பக்கவாட்டில். ஒருக்களித்துப் படுத்து, முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்கும்படி ஊன்றி, முழங்காலை மடக்கிக்கொண்டு இடுப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில். 8 வினாடி நிறுத்தி இறக்குங்கள். பக்கத்துக்கு 4 முறை. கீழே இருக்கும் பக்கத்துத் தசைதான் இதில் உழைக்கிறது. ஆகவே புடைத்த பக்கம் கீழே இருக்கும்படி இன்னும் 4 முறை கூடுதலாகச் செய்யலாம். எஸ் வளைவு உள்ளவர்களுக்கு மேல்முதுகில் ஒரு பக்கமும் கீழ்முதுகில் மறுபக்கமும் புடைத்திருக்கும். எந்தப் பக்கம் கூடுதலாகச் செய்வது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும், அதுவரை இரண்டு பக்கமும் சமமாகவே இருக்கட்டும்.

இதைத் தினமும் செய்தால் வளைவே குறையும் என்று இணையத்தில் பரவிய செய்திக்கு மூலம், 2014-இல் வெளியான, வெறும் 25 பேரை வைத்துச் செய்த ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அதில் இல்லை. அதை நம்பி பிரேஸையோ அறுவை சிகிச்சை ஆலோசனையையோ கைவிடக் கூடாது. ஆனால் தெம்பு ஏற்றும் பயிற்சியாக இது அருமையானது. தோள் நோகிறது என்றால் பெரும்பாலும் முழங்கை தலைப்பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும், அல்லது தோளைக் காதை நோக்கித் தொங்கவிட்டிருப்பீர்கள். தரையை முழங்கையால் கீழே தள்ளுங்கள், சரியாகும். அப்படியும் நோகிறதென்றால் நின்றபடி சுவரில் முழங்கையை ஊன்றிச் செய்யுங்கள்.

*இடுப்பை உயர்த்துதல்.* மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கி 5 வினாடி. 8 முதல் 10 முறை. தொடையின் பின்பக்கம் சுளுக்கிக்கொண்டால் பாதம் தூரத்தில் இருக்கிறது, கிட்டே இழுங்கள். கீழ்முதுகு நோகிறதென்றால் அளவுக்கு மீறித் தூக்குகிறீர்கள்.

*துண்டுச் சுருள்மேல் ஒருக்களித்தல்.* ஒரே வளைவு, அதாவது சி வடிவம் உள்ளவர்களுக்கு மட்டும். குளியல் துண்டைக் கெட்டியாகச் சுருட்டினால் கைப்பிடி தடிமனுக்கு வரும். புடைத்த பக்கம் கீழே இருக்கும்படி படுத்து, வளைவு அதிகம் புடைத்திருக்கும் இடத்துக்கு நேர் அடியில் சுருளை வையுங்கள். தலைக்குத் தலையணை. கீழ்க் கையை முன்னால் நீட்டி, மேல் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். இப்போது மேலே இருப்பது குழிந்த பக்கம். அந்த விலாவின்மேல் வீட்டில் யாராவது இரண்டு விரலை வைக்கட்டும். மூச்சை இழுக்கும்போது அந்த விரல்களை மேலே தள்ளப் பாருங்கள். முதல் சில நாள் விரல் அசையாது, வயிறுதான் எழும். அசையாவிட்டால் பலமாக இழுக்காதீர்கள், மெதுவாக இழுங்கள். 2 நிமிடத்தில் தொடங்கி 5 நிமிடம் வரை போகலாம். கை மரத்துப்போனால் சுருள் அக்குளுக்கு மிக அருகில் இருக்கிறது, கீழே தள்ளுங்கள். எஸ் வளைவுக்காரர்கள் இதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம் என்பதற்குக் காரணம், மேல் வளைவைத் திறக்கப் போய் கீழ் வளைவை மடக்கிவிடும்.

இவற்றோடு நடை. பூங்கா இணைப்புப் பாதையில் 20 முதல் 30 நிமிடம், கையை வீசி. நீச்சல் முதுகை நேராக்கும் என்று பிள்ளைகளை வலுக்கட்டாயமாகக் குளத்துக்கு அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். நேராக்காது. ஆனால் நோவு அதிகமான நாளில் தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், தரையில் முடியாததை அங்கே செய்யலாம். புளோக்கின் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது சுகமாக இருக்கும். பாதம் தரையில் இருக்கட்டும், பாதி எடையைக் கைக்குக் கொடுங்கள், 10 வினாடி, 3 முறை. கம்பியை விட்டு நின்றதும் உடல் எடை மீண்டும் முதுகில் இறங்கும், வளைவும் பழையபடி வரும். தொங்குவதை ஓய்வாக எண்ணுங்கள், சிகிச்சையாக எண்ணாதீர்கள்.

தவறிப்போகும் இடங்கள்

நடையும் நீச்சலும் தவிர, மேலே சொன்ன பயிற்சிகளைச் செய்ய 15 முதல் 20 நிமிடம் ஆகும். வாரத்துக்கு 5 நாள். சனிக்கிழமை ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் செய்து ஈடுகட்ட முடியாது. தாங்கும் சக்தி அப்படி வளராது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடக்க வேண்டிவரும்.

நோவுக்கு 10-க்கு மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். செய்யும்போது 3 வரை போவது பரவாயில்லை. மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் முதல் நாள் அளவு அதிகம். நிறுத்திவிடாதீர்கள், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். தசை உழைத்த நோவு பரவலாக, மந்தமாக இருக்கும். சுருக்கென்று ஓரிடத்தில் குத்தினாலோ காலுக்கு இறங்கினாலோ அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதுகைப் பின்னால் ஆழமாக வளைக்கும் ஆசனங்களும், முழுமூச்சாக முறுக்கும் ஆசனங்களும் உங்களுக்கு மற்றவர்களைப் போல அல்ல. ஸ்கோலியோசிஸ் உள்ள பலருக்கு நெஞ்சுப் பகுதி முதுகு ஏற்கெனவே தட்டையாக இருக்கும், பின்னால் வளைத்தால் இன்னும் தட்டையாகும். முறுக்கும்போது ஒரு திசை, இருக்கும் முறுக்கோடு சேர்ந்துகொள்ளும். முதுகில் கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கட்டுரையின் எந்தப் பயிற்சியும் பொருந்தாது. அறுவை சிகிச்சை செய்த குழு எழுதித் தருவதுதான் அவர்களுக்கு.

வயதானவர்களுக்குத் தனியாக

60 வயதைத் தாண்டிய பிறகு புதிதாக வரும் வளைவு உண்டு. முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகளும் மூட்டுகளும் ஒரு பக்கமாகத் தேய்வதால் வருவது. இதில் முதுகைவிடக் கால்தான் அதிகம் படுத்தும். ஈரச்சந்தைக்குப் போகும் பாட்டியைக் கவனியுங்கள்: வெறுங்கையோடு நடந்தால் நூறு அடிக்குள் காலில் கனம் ஏறி உட்கார இடம் தேடுவார், தள்ளுவண்டியின்மேல் சற்றுக் குனிந்து தள்ளிக்கொண்டு போனால் சந்தை முழுவதும் சுற்றி வருவார். நரம்பு போகும் பாதை நிமிர்ந்தால் நெருக்கும், குனிந்தால் திறக்கும் என்பதன் அடையாளம் அது. இவர்களை "நிமிர்ந்து நடங்கள் பாட்டி" என்று விரட்டக் கூடாது. சற்று முன்னால் சாய்ந்து மிதிக்கும் நிலையான சைக்கிள், நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி, இடுப்பை உயர்த்துதல் ஆகியவை இவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

எலும்பு மெலிவு இருந்தால் முதுகை உருண்டையாக்கிக் குனிவதும், குனிந்தபடி திரும்புவதும் கூடாது. தரையில் கிடக்கும் வாளியை அப்படித் தூக்கும்போதே முதுகெலும்பு நசுங்கிப்போனவர்கள் உண்டு. பயிற்சி தொடங்குமுன் எலும்பு அடர்த்திச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது பயிற்சி இல்லை, மருத்துவர்தான்

பிள்ளைக்கு இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, கால் பலவீனம், மரப்பு, சில மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரியும்படி கூடும் வளைவு, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல் — இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்துப்போனாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடக்க முடியாவிட்டால் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள்.

எதை எழுதிவைப்பது

கண்ணாடியில் முதுகைப் பார்த்துப் பார்த்து "நேராகிவிட்டதா?" என்று தேடாதீர்கள். அங்கே மாற்றம் தெரியாது, மனம்தான் சோர்ந்துபோகும். சமையலறை நாள்காட்டியின் ஓரத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள். சமைக்கும்போதோ, ரயிலில் நிற்கும்போதோ, வீட்டுப்பாடம் எழுதும்போதோ, ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முதுகு "போதும்" என்று சொன்னது எத்தனையாவது நிமிடத்தில் என்று. வாரத்துக்கு இரண்டு முறை, ஒரே வேளையில். முதல் இரண்டு வாரம் எண் அசையாது, சில நாள் குறையவும் செய்யும்; தசை புதிய வேலைக்குப் பழகும் காலம் அது. 6 முதல் 8 வாரம் கொடுங்கள். அதன் பிறகும் எண் அப்படியே நின்றால் அந்தத் தாளைக் கிழித்துப் பிசியோதெரபிஸ்டிடம் கொண்டுபோய்க் காட்டி, பயிற்சியை ஒவ்வொன்றாக அவர் முன்னால் செய்து காட்டுங்கள். பெரும்பாலும் செருப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்பதிலேயே அவர் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.